பழைய எச்.எம்.டி. டிராக்டருக்குச் சென்டர் பின்னும் புஷ்ஷும் வீட்டிலேயே கடைந்த விவரம்

டிராக்டரின் முன் அச்சு வண்டியின் உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டது அன்று. ரேடியேட்டருக்கு அடியில் உள்ள தாங்கு வார்ப்பில் தடித்த எஃகுத் தண்டு ஒன்று வண்டியின் நீளவாக்கில் படுத்த நிலையில் செருகப்பட்டிருக்கும். அச்சின் நடுப்பகுதி அந்தத் தண்டில் மாட்டப்பட்டு, ஒரு சக்கரம் வரப்பில் ஏறும்போது மற்றது பள்ளத்தில் இறங்கும்படி இருபுறமும் சாய்ந்து கொடுக்கும். பட்டறைகளில் சென்டர் பின் என்று சொல்லப்படும் இந்தத் தண்டும், அதைச் சுற்றி அச்சுக்குள் இறுக்கப்பட்டிருக்கும் குழாய் வடிவ உறையான புஷ்ஷும்தான் முன்பக்கப் பாரம் முழுவதையும் சுமக்கின்றன. எங்கள் வீட்டில் இன்றும் உழவுக்குப் போகும் எச்.எம்.டி. 2511 வண்டிக்கு இவை இரண்டையும் வீட்டுக் கொட்டகையில் உள்ள சிறிய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடைந்து பொருத்தினேன். அந்த வேலையைக் காரணங்களோடு எழுதி வைத்தால், பழைய வண்டியை விடாமல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1953-இல் பெங்களூரில் தொடங்கப்பட்டு, சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு லேத்துகளைச் செய்யத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், சுருக்கமாக எச்.எம்.டி. நம் வீடுகளில் கைக்கடிகாரத்தின் வழியாக அறியப்பட்ட அந்நிறுவனம், 1971-இல் ஹரியாணா மாநிலத்துப் பிஞ்சோரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு 25 குதிரைத்திறன் டிராக்டரைச் செய்யத் தொடங்கியது. ஜெட்டரின் ஊரான பிர்னோ நகரத்துப் பொறியாளர்கள் வடிவமைத்த அந்த 2511 இரண்டு சிலிண்டர் என்ஜின் கொண்டது. சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 110 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1,560 கன சென்டிமீட்டர். எளிமையான, அதிக நுணுக்கம் இல்லாத, கனத்த வார்ப்புகளால் ஆன வண்டி. 2016-இல் பிஞ்சோர் டிராக்டர் பிரிவை மூடிவிட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. ஆகவே இனி அந்த ஆலையிலிருந்து உதிரிபாகம் வரப்போவதில்லை. நாட்டுக்கு லேத்து செய்து கொடுத்த நிறுவனத்தின் வண்டி, இன்று எங்கோ ஒரு கிராமத்து லேத்தை நம்பி ஓடுகிறது என்பதை எண்ணும்போது, அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் மீது எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

பிஸ்டன், லைனர், கிளட்ச் தட்டு போன்றவை வெளிச்சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. சென்டர் பின்னும் ஒரு கடையில் கிடைத்தது, வாங்கியும் வந்தேன். அரத்தை அதன் மேல் ஒரு முறை இழுத்தவுடனே உலோகம் வெண்ணிறத் தூளாக உதிர்ந்தது. அது சாதாரண மைல்ட் ஸ்டீல். விட்டமும் தலைக்குத் தலை ஒன்றாக இல்லை. அதைப் போட்டால் ஓராண்டு தாங்கலாம். ஆனால் அந்த ஓராண்டில் அது தேய்வதோடு நிற்காமல் தன்னைத் தாங்கும் வார்ப்பையும் தின்றுவிடும். அதனால்தான் நானே கடைவது என்று முடிவு செய்தேன்.

இந்த இடத்தில்தான் இப்பதிவின் மையமான கருத்து இருக்கிறது. ஒன்றோடொன்று உராயும் உறுப்புகளைச் செய்யும்போது, இவற்றுள் எது தேய வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். எதுவும் தேயக் கூடாது என்று நினைத்துச் செய்தால், எது தேயும் என்பதைச் சேறும் மணலும் முடிவு செய்துவிடும். முன் அச்சின் நடுவே நான்கு பொருள்கள் உண்டு: கிரீஸ், புஷ், பின், வார்ப்பு. கிரீஸ் முதலில் போக வேண்டும். அது சில ரூபாய். அடுத்து புஷ் போக வேண்டும். அதை ஒரு நாளில் கடைந்துவிடலாம். அதன் பிறகே பின். வார்ப்பு எக்காலத்திலும் போகக் கூடாது, ஏனெனில் அதை வீட்டில் செய்ய முடியாது, விலைக்கும் கிடைக்காது. எங்கள் ஊர்ப்பக்கம் வாழ்நாள் முழுதும் கடைசல் வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் பழைய பின்னைக் காட்டியபோது அவர் சொன்னது இதைத்தான்: "பின்னு போனா பின்னு கடைஞ்சுக்கலாம் தம்பி. காஸ்டிங் போச்சுன்னா வண்டியே போச்சு."

தேய்மானத்தைப் படிப்பது தனிக் கலை. வண்டியின் எடை தாங்கு வார்ப்பின் வழியாகப் பின்னின் மேல் இறங்குகிறது. பின் அந்த எடையைப் புஷ்ஷின் அடிப்பக்கத்தில் ஊன்றுகிறது. அச்சு முழுச் சுற்றாகச் சுழல்வதில்லை, சில பாகைகள் மட்டும் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால் பின்னின் அடிப்பக்கமும் புஷ்ஷின் அடிப்பக்கமும் மட்டுமே தேய்கின்றன, மேற்பக்கம் ஏறத்தாழப் புதியதாகவே இருக்கிறது. என் வண்டியின் பின்னைக் கழற்றிப் பார்த்தபோது பக்கவாட்டு விட்டத்தைவிட மேல்கீழ் விட்டம் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தது. புஷ்ஷின் அடிச்சுவர் தகடாக மெலிந்து, ஓரிடத்தில் வெடித்திருந்தது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. கிரீஸை உள்ளே செலுத்தும் சிறு முனையான நிப்பிள் அச்சின் மேற்பக்கத்தில் இருக்கிறது. புஷ் புதியதாக இருக்கும்போது இடைவெளி மிகச் சிறியது. அடிக்கும் கிரீஸ், புஷ்ஷின் உள்ளே வெட்டிய பள்ளமான காடி வழியாகச் சுற்றிலும் பரவும். அடிப்பக்கம் தேயத் தேய, பின் கீழே இறங்கி, இடைவெளி முழுவதும் மேற்பக்கத்தில் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் அது எளிய வழியைத் தேடி மேலேயே இரு முனைகளிலும் பிதுங்கி வெளியேறும். பாரம் தாங்கும் அடிப்பக்கத்துக்கு ஒரு துளியும் போகாது. கிரீஸ் வெளியே வருகிறதே என்று நாமும் நிறைவாக இருந்துவிடுவோம். அமராவதிப் பாசனத்து நெல்வயல்களில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்யும் வண்டிகளுக்கு இது இன்னும் கொடியது. முன் அச்சு சேற்றுத் தண்ணீருக்குள்ளேயே நாள் முழுதும் கிடக்கிறது. கிரீஸ் இல்லாத இடத்தை வண்டல் நிரப்புகிறது. வண்டலில் உள்ள நுண்மணல் அரம் போல அராவுகிறது.

கழற்றும் முறையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். பின்னை உருவும் நேரத்தில் வண்டியின் முன்பாதி வெறும் முட்டின் மேல் நிற்கிறது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கிளட்ச் கூட்டின் அடியில் பரந்த மரக்கட்டைகளை அடுக்கி, ஜாக்கியை நம்பாமல் பாரத்தைக் கட்டைகளில் இறக்கிய பின்னரே கை வைக்க வேண்டும். தகட்டால் ஆன எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்கவே கூடாது.

அளவெடுப்பதற்கு நான் மற்ற எல்லா வேலையையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். தேய்ந்த பொருளை அளந்து அதே போலச் செய்தால் தேய்ந்த பொருளே கிடைக்கும். ஆகவே தேயாத இடத்தைத் தேட வேண்டும். பின்னில் வார்ப்புக்குள் இருக்கும் இரு முனைகளும் அசைவதில்லை; அங்கே மூல விட்டம் அப்படியே இருக்கும். புஷ்ஷின் வெளிவிட்டத்தைக் கழற்றிய புஷ்ஷிலிருந்து எடுக்கக் கூடாது. அடித்துக் கழற்றும்போதே அது சிதைந்திருக்கும். அச்சில் உள்ள துளையை அளந்து அதற்கேற்பப் புஷ்ஷைச் செய்வதே சரி. துளையை நுழைவாயில், நடு, முடிவு என்று மூன்று ஆழங்களிலும், ஒவ்வொன்றிலும் மேல்கீழாகவும் பக்கவாட்டாகவும் அளந்து எழுதினேன். நல்லவேளையாக அச்சின் துளை வட்டமாகவே இருந்தது. வட்டம் குலைந்திருந்தால் அதைப் பெரிதாக்கித் தடித்த புஷ் போட வேண்டும்; அது பெரிய போரிங் இயந்திரம் உள்ள பட்டறையின் வேலை.

வெர்னியர் 0.02 மி.மீ. வரை காட்டும் என்று அதன் மேல் எழுதியிருந்தாலும், இறுக்கப் பொருத்தத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். உள்விட்டத்துக்குத் தொலைநோக்கிக் குழாய் போல விரியும் கேஜை உள்ளே வைத்துப் பூட்டி, வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரால் அளக்கலாம். இரண்டையும் வெயிலில் வைத்து அளக்காதீர்கள். காலை நேரத்தில், நிழலில், பொருளும் கருவியும் ஒரே சூட்டில் இருக்கும்போது அளப்பதே நம்பகமானது. ஜெட்டர் வடிவமைப்பு முழுக்க மெட்ரிக் அளவில் இருப்பது பெரிய வசதி. தேயாத இடத்தை அளந்தால் பெரும்பாலும் முழு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்து நிற்கும். நம் ஊரில் ஓடும் பழைய பெர்குசன் மரபு வண்டிகளில் அங்குலக் கணக்கு வரும்; அங்கே அளந்த எண்ணை மில்லிமீட்டருக்கு முழுமையாக்கினால் பொருத்தம் கெட்டுவிடும்.

கீழே கணக்கு காட்டுவதற்காகப் பின்னின் விட்டத்தை 30 மி.மீ. என்றும் புஷ்ஷின் வெளிவிட்டத்தை 40 மி.மீ. என்றும் வைத்துக்கொள்கிறேன். இவை விளக்கத்துக்கான முழு எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் வண்டியை அளந்தே செய்யுங்கள்.

அடுத்தது உலோகம். லேத்துப் பட்டறைகளில் நம் காதில் விழும் ஈ.என். 8, ஈ.என். 24 என்னும் பெயர்கள் பி.எஸ். 970 என்னும் பிரிட்டிஷ் தரவரிசையிலிருந்து வந்தவை. ஈ.என். 8 என்பது ஏறத்தாழ 0.4 விழுக்காடு கார்பன் உள்ள நடுத்தர எஃகு. விலை குறைவு, எளிதில் கடையலாம். அதைச் செந்நிறமாகக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கடினப்படுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கொட்டகைத் தீயில் நீண்ட தண்டு முழுவதும் ஒரே சூடு வருவதில்லை. அமிழ்த்தும்போது தண்டு சிறிது வளையும், மேலே செதில் கட்டும். அதன் பிறகு அதை நேராக்க உருளைச் சாணை இயந்திரம் வேண்டும். வீட்டில் அது இல்லை. லாரி ஆக்சில் துண்டுகளை எடுத்துக் கடைவதும் நம் பட்டறைகளில் வழக்கம். நல்ல எஃகாகவே இருக்கும் என்றாலும் அது இன்னது என்று தெரியாது, உள்ளே பழைய விரிசல் இருக்கிறதா என்பதும் தெரியாது.

நான் எடுத்தது ஈ.என். 24, அதுவும் ஆலையிலேயே வெப்பப் பதம் செய்யப்பட்டு, டி என்னும் குறியோடு விற்கப்படும் தண்டு. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இந்த எஃகின் இழுவலிமை 850 முதல் 1,000 மெகாபாஸ்கல் வரை. கடினம் பிரினெல் அளவில் 248 முதல் 302 வரை. அரத்தால் அராவ முடியும், லேத்தில் கடைய முடியும், ஆனாலும் மைல்ட் ஸ்டீலைவிட மிகவும் உறுதியானது. கடைந்த பிறகு தீயில் வைக்க வேண்டியதே இல்லை என்பதுதான் வீட்டு வேலைக்காரருக்கு இதன் பெரும் நன்மை. கோவையில் எஃகு விற்கும் கடைகளில் கேட்ட நீளத்துக்கு அறுத்து எடை போட்டுக் கொடுப்பார்கள். 36 மி.மீ. தண்டில் 25 சென்டிமீட்டர் நீளம் ஏறத்தாழ 2 கிலோ வரும். டி பதமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளித்தோற்றத்தில் எல்லாத் தண்டும் ஒன்றே.

புஷ்ஷுக்குக் கன்மெட்டல். 85 பங்கு செம்போடு, ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் ஆகிய ஒவ்வொன்றிலும் 5 பங்கு சேர்ந்த வார்ப்பு இது. பாஸ்பர் பிரான்ஸ் என்னும் வெண்கலக் கலவை இதைவிடக் கடினமானது, அதிக நாள் உழைக்கும். ஆனால் அதன் உள்ளே ஓடும் தண்டு நன்றாகக் கடினப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ்ஷுக்குப் பதிலாகத் தண்டு தேயும். கன்மெட்டலில் உள்ள ஈயம் கிரீஸ் குறைந்த நேரத்திலும் ஓரளவு வழுக்கும் தன்மையைத் தருகிறது. நுழைந்துவிட்ட மணல் துகளை அது தன்னுள் புதைத்துக்கொள்ளவும் செய்கிறது. நான் மேலே சொன்ன முறைப்படி, தேய வேண்டியது இதுதான். நைலான் புஷ் போடலாமே என்று கேட்ட நண்பர்களுக்கும் என் பதில் ஒன்றே: தண்ணீரில் ஊறினால் நைலான் பருக்கும், அளவு மாறும், சேற்றுழவு வண்டிக்கு அது ஆகாது.

கடையும் வேலைக்கு வருவோம். பின்னை மூன்று தாடைச் சக்கில் பிடித்துக் கடைவதைவிட, இரு முனைகளிலும் சென்டர் துளை போட்டு, லேத்தின் கூர்முனைகளான இரண்டு சென்டர்களுக்கு நடுவே நிறுத்திக் கடைவது நல்லது. திருப்பிப் போட்டாலும் தண்டு சுழலும் மையம் மாறாது. முதலில் மேலோட்டமாக ஒரு வெட்டு ஓட்டி இரு முனைகளையும் அளக்க வேண்டும். தண்டின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பக்கம் விட்டம் 0.04 மி.மீ. பருமனாக இருந்தால், டெயில் ஸ்டாக்கை வெட்டும் டூல் இருக்கும் பக்கமாக 0.02 மி.மீ. நகர்த்த வேண்டும். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பொறுமையாக இதைச் சரிசெய்த பிறகுதான் உண்மையான வெட்டைத் தொடங்கினேன். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு நல்ல பின் கடைந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சுற்று வேகத்துக்கான கணக்கு எளியது: வெட்டு வேகத்தை 1,000 ஆல் பெருக்கி, அதை விட்டத்துக்கும் 3.14-க்கும் உள்ள பெருக்கலால் வகுக்க வேண்டும். இந்த எஃகை ஹைஸ்பீடு ஸ்டீல் என்னும் எஃகால் ஆன டூலால் நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் வெட்டலாம், 36 மி.மீ. தண்டுக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 சுற்று. கார்பைடு முனைக்கு இதைப்போலப் பல மடங்கு வேகம் வேண்டும். பழைய பெல்ட் லேத்துகள் பலவற்றில் அந்த வேகமும் இல்லை, அதைத் தாங்கும் விறைப்பும் இல்லை. ஆகவே கூர் தீட்டிய ஹைஸ்பீடு டூல், மெதுவான சுற்று, தாராளமான வெட்டு எண்ணெய் என்பதே என் தேர்வு. கடைசி 0.2 மி.மீ. எஞ்சும்போது தண்டை ஆறவிட்டேன். சூடான தண்டை அளந்தால் அது பருத்திருக்கும். அதே எண்ணை நம்பி வெட்டினால் ஆறிய பிறகு மெலிந்து போகும். இறுதியாக எண்ணெய் தோய்த்த 400 எண் உப்புத்தாளால் பளபளப்பாக்கினேன். தாளை விரலில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, இரு முனைகளையும் இரு கைகளால் பிடிக்க வேண்டும். வேட்டியோடும் தோளில் துண்டோடும் லேத்தருகே நிற்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. அது உயிருக்கு ஆபத்து என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புஷ்ஷைப் பொறுத்தவரை ஒரு விதி போதும்: வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் ஒரே பிடியில் முடித்த பிறகே அறுத்து எடுக்க வேண்டும். நடுவில் கழற்றித் திருப்பிப் போட்டால் சுவர் ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலியும். கன்மெட்டல் மென்மையாக வெட்டும். டூலின் மேல்முகத்தை ஏறத்தாழ மட்டமாகத் தீட்ட வேண்டும், சாய்வாகத் தீட்டினால் டூல் உலோகத்துக்குள் பிடுங்கிக்கொண்டு போகும்.

பொருத்தம் பற்றிய கணக்குதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. 40 மி.மீ. துளைக்குள் புஷ் நகராமல் இருக்க, புஷ் துளையைவிடச் சிறிது பெரிதாக இருக்க வேண்டும். எச்7, பி6 என்று குறிக்கப்படும் இறுக்கப் பொருத்தத்தில் இந்த அளவுக்குத் துளை 0 முதல் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையும், புஷ் 26 முதல் 42 மைக்ரான் வரையும் பெரிதாக இருக்கலாம். நான் துளையின் உண்மையான அளவைவிட 30 மைக்ரான், அதாவது 0.03 மி.மீ. கூடுதலாகக் கடைந்தேன். மெல்லிய சுவருள்ள புஷ்ஷை இறுக்கி நுழைக்கும்போது வெளியே அழுத்தப்பட்ட அளவு ஏறத்தாழ முழுவதுமே உள்விட்டத்தில் குறையும். எனவே இறுதியில் 30.10 மி.மீ. உள்விட்டம் வேண்டுமென்றால், முன்கூட்டியே 30.13 என்று கடைய வேண்டும். பின் 30.00 என்றால், நடுவில் 0.10 மி.மீ. இடைவெளி நிற்கும். வேகமாகச் சுழலும் இயந்திரத்துக்கு இது அதிகம். சேற்றிலும் கிரீஸிலும் மெதுவாக ஆடும் அச்சுக்கு இது சரியான அளவு என்பது என் கருத்து.

கிரீஸ் காடிகளை எங்கே வெட்டுவது என்பதையும் யோசிக்க வேண்டும். பாரம் தாங்கும் அடிப்பக்கத்தில் காடி வெட்டினால் தாங்கும் பரப்பு குறைகிறது. அதனால் மேல் துளையிலிருந்து இருபுறமும் இறங்கும் ஒரு வளைவுக் காடியும், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே இடமும் வலமும் நீளவாக்கில் ஒவ்வொரு காடியுமாக வெட்டினேன். நீளக் காடிகள் முனைவரை போகாமல் சில மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட வேண்டும். முனைவரை போனால் கிரீஸ் வெளியே ஓடிவிடும், சேறு உள்ளே வரும்.

புஷ்ஷை அச்சுக்குள் ஏற்றச் சுத்தியல் வேண்டாம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டி போதும். கன்மெட்டல் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 18 மைக்ரான் சுருங்கும். 32 பாகையில் இருக்கும் புஷ்ஷை இரவு முழுவதும் மைனஸ் 18 பாகையில் வைத்தால் 50 பாகை வேறுபாடு, 40 மி.மீ. விட்டத்தில் அது 36 மைக்ரான் சுருக்கம். நமக்குத் தேவையான 30 மைக்ரானைவிட அது கூடுதல். அச்சின் துளையையும் கை பொறுக்காத அளவுக்கு மட்டும் ஊதுவிளக்கால் சூடாக்கினால் இன்னும் இடம் கிடைக்கும். புஷ்ஷை நெகிழிப் பையில் கட்டி உறைபெட்டியில் வைக்க வேண்டும், இல்லையேல் பனி படிந்து நுழையாது. ஒரு நீண்ட திருகுத் தண்டு, இரண்டு நட்டு, இரண்டு கனத்த வாஷர் ஆகியவற்றைத் துளையின் குறுக்கே தயாராக மாட்டி வைத்திருந்தேன். புஷ் பாதிக்கு மேல் கையாலேயே நுழைந்தது. மீதியைத் திருகி இழுத்தேன். நுழைக்கும் முன் கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக இருக்கும்படி அச்சிலும் புஷ்ஷிலும் கோடு போட்டுக்கொள்வது முக்கியம், ஏனெனில் சூடும் குளிரும் சமமாகிவிட்ட பிறகு அதைத் திருப்ப முடியாது.

பின்னை வார்ப்பில் பூட்டும் குறுக்கு போல்ட்டை நான் கடையவில்லை, கடையவும் கூடாது. தலையில் 8.8 என்று பொறித்த நல்ல போல்ட்டை விலைக்கு வாங்கினேன். முதல் 8 என்பது 800 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கும். அடுத்த 8 அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 மெகாபாஸ்கல் வரை நிலையாக நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும். இந்தப் போல்ட் தளர்ந்தால் அச்சு ஆடும்போது பின்னும் சேர்ந்து திரும்பும். அப்போது தேய்வது புஷ் அன்று, வார்ப்பு. பின்னில் இதற்கான பள்ளத்தை அரத்தால் பொறுமையாக அராவி, போல்ட் சற்றும் ஆடாமல் உட்காருமாறு செய்தேன். வீட்டில் செய்யலாகாதவை என்று நான் ஒதுக்கி வைத்திருக்கும் பட்டியலில் ஸ்டியரிங் கைகள், முன் சக்கர ஸ்பிண்டில், பிரேக் உறுப்புகள் ஆகியவையும் உண்டு. அவை தேய்வதோடு நிற்பதில்லை, முறிந்தும் போகக்கூடும். முறியும்போது வண்டி சாலையில் இருக்கும். சென்டர் பின் முறியாமல் மெல்லத் தேயும் உறுப்பு, தேய்வதை ஆட்டத்தால் முன்பே சொல்லிவிடும் உறுப்பு. அதனால்தான் அதைத் துணிந்து செய்தேன்.

அச்சு முன்னும் பின்னும் நகர்வதைத் தடுக்கும் வாஷர்களையும் கன்மெட்டலிலேயே கடைந்து, மீதமிருந்த இடைவெளியை மெல்லிய தகட்டால் நிரப்பினேன். எல்லாம் பூட்டிய பிறகு, முன்பக்கத்தை உயர்த்தி அச்சின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் டயல் கேஜில் வடிவமைத்த இடைவெளி மட்டுமே தெரிந்தது. ஓட்டிப் பார்த்ததில், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய அலைச்சல் போய்விட்டது.

இனி பராமரிப்பு. மேலே சொன்ன காரணத்தால், சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போது நான் இந்த நிப்பிளில் கிரீஸ் அடிப்பதில்லை. தாங்கு வார்ப்பின் அடியில் ஜாக்கி வைத்து உயர்த்தினால் அச்சு தன் எடையால் கீழே தொங்கும். அப்போது பின் புஷ்ஷின் மேற்பக்கத்தைத் தொட, இடைவெளி அடிப்பக்கத்துக்கு வரும். ஜாக்கியை அச்சின் அடியில் வைத்தால் இந்தப் பயன் இல்லை. அந்த நிலையில் லித்தியம் கிரீஸை இரு முனைகளிலும் கருமை நீங்கிப் புதிய நிறம் தெரியும்வரை அடித்து, அச்சைக் கையால் இருபுறமும் ஆட்டிவிட்டு மறுபடியும் சிறிது அடிக்கிறேன். சேற்றுழவு நடக்கும் நாள்களில் இதை மாலையில், வண்டி வயலைவிட்டு வந்தவுடன் செய்கிறேன்; இரவு முழுவதும் தண்ணீரும் வண்டலும் உள்ளே தங்கவிடாமல் புதிய கிரீஸ் அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. பின், புஷ், வாஷர் ஆகியவற்றின் அளவுகளைக் குறித்த வரைபடத்தை வண்டியின் ஆவணங்களோடு வைத்திருக்கிறேன். அடுத்த புஷ்ஷுக்கான கன்மெட்டல் துண்டும் அதே தண்டிலிருந்து அறுத்துக் கொட்டகையில் தயாராக இருக்கிறது.